இனிமை இல்லாத இசை



இசை என்றவுடன் இனிமையே நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் இனிமையை நாடாத இசையும் உலகில் உண்டு. அத்தகைய இசையைப் பாடிய ஒரு குழுவின் கதையை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அக்குழுவினர் அரசை எதிர்க்கப் புறப்பட்டவர் அல்லர். ஆயினும் ஓர் அரசு அவர்களைக் கண்டு அஞ்சியது.

1968 ஆகஸ்டு 21ஆம் நாள், சோவியத் யூனியனின் தலைமையில் அயல்நாட்டுப் படைகள் செக்கோஸ்லோவாகியாவுக்குள் புகுந்தன. அவ்வாண்டு அங்கே மலரத் தொடங்கிய சுதந்திரம் வாடிப் போயிற்று. அடுத்த மாதமே, பிராக் நகரில் மிலன் ஹ்லாவ்சா என்னும் 17 வயது இளைஞர் நண்பர்களுடன் ஒரு ராக் இசைக்குழுவைத் தொடங்கினார். ‘பிளாஸ்டிக் பீப்பிள் ஆஃப் தி யூனிவர்ஸ்’ என்பது அதன் விசித்திரமான பெயர். ‘பிரபஞ்சத்தின் பிளாஸ்டிக் மனிதர்கள்’ என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். அமெரிக்க இசைஞர் பிராங்க் ஜாப்பாவின் பாடல் ஒன்றிலிருந்து பிறந்த பெயர் அது. கலை வரலாறு கற்ற ஈவான் யிரௌஸ் என்பவர் அவர்களுக்கு வழிகாட்டியாக அமைந்தார்.

அந்நாட்டில் அப்போது தொழில்முறை இசைஞர்களுக்கு அரசின் அனுமதி வேண்டியிருந்தது. 1970இல் அவ்வனுமதி பறிக்கப்பட்டது. அரசு தந்த கருவிகளும் கையை விட்டுப் போயின. ஆனால் அவர்கள் சோர்ந்துவிடவில்லை. பழைய வானொலிப் பெட்டிகளின் உறுப்புகளைக் கொண்டு ஒலிபெருக்கிகளைச் செப்பனிட்டுக் கொண்டார்கள். சிற்றூர்களில், திருமண விழா என்ற பெயரில் கூடிப் பாடினார்கள். அச்சில் வர இயலாத கவிஞர் ஏகோன் போன்டியின் கவிதைகளுக்கு இசையமைத்தார்கள். 1974, 1975ஆம் ஆண்டுகளில் ஹௌஸ்கா என்ற பழைய கோட்டையில் அவற்றை ஒலிப்பதிவு செய்தார்கள். அந்நாடாக்கள் படியெடுக்கப்பட்டுக் கைம்மாறிக் கைம்மாறிப் பரவின.

அப்பதிவுகளை நான் கேட்டிருக்கிறேன். சாக்சபோன் அலறுகிறது; வயோலா முனகுகிறது; தாளம் ஒரே இடத்தில் நின்று இடிக்கிறது. மெருகு என்பது மருந்துக்கும் இல்லை. ஆனால் பொய்யும் இல்லை. தம் மனத்தில் பட்டதைத் தம் குரலில் சொல்லும் துணிவு ஒவ்வொரு பாடலிலும் கேட்கிறது.

1976 மார்ச்சில் இக்குழுவினரும் இவர்களைச் சார்ந்தோரும் கைது செய்யப்பட்டனர். அமைதியைக் குலைத்தனர் என்பது குற்றச்சாட்டு. செப்டம்பரில் நால்வருக்குத் தண்டனை கிடைத்தது. யிரௌஸுக்கு 18 மாதம். சாக்சபோன் வாசித்த பிராபெனெட்ஸுக்கு 8 மாதம்.

நாடக ஆசிரியர் வாக்லாவ் ஹாவெல் அவ்விசாரணையைக் கவனித்து வந்தார். கைதுக்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான், யிரௌஸ் அவரைச் சந்தித்து இப்பாடல்களைப் பழைய கருவி ஒன்றில் போட்டுக் காட்டியிருந்தார். ஹாவெல் ஓர் உண்மையை உணர்ந்தார். இவர்கள் அரசியல்வாதிகள் அல்லர். தம் விருப்பப்படி வாழவும் பாடவும் மட்டுமே விரும்பியவர்கள். இவர்களைச் சிறையிட முடியுமானால், நாளை எவரையும் சிறையிடலாம் அன்றோ? தத்துவப் பேராசிரியர் யான் படோச்கா முதலிய அறிஞர்களும் இவ்வாறே எண்ணினர். அவ்வெண்ணம் 1977 ஜனவரியில் ‘சாசனம் 77’ என்னும் மனித உரிமை அறிக்கையாக வெளிவந்தது. அதில் முதலில் கையெழுத்திட்டோர் 200 பேருக்கு மேல். அவர்களுள் பலர் வேலை இழந்தனர். சிலர் சிறை சென்றனர். விசாரணைகளால் களைத்த படோச்கா அவ்வாண்டு மார்ச்சில் உயிர் நீத்தார்.

இசைக்குழுவோ ஓயவில்லை. 1978இல் ஹாவெலின் நாட்டுப்புற வீட்டிலேயே, ஏசுநாதரின் பாடுகளைப் பற்றிய ஒரு தொகுதியைப் பதிவு செய்தது. 1988இல் குழு கலைந்தது. மறு ஆண்டு இறுதியில் ஆட்சி மாறி, ஹாவெல் குடியரசுத் தலைவர் ஆனார். 1997இல், சாசனத்தின் இருபதாம் ஆண்டையொட்டிக் குழுவினர் மீண்டும் ஒன்று கூடி இசைத்தனர்.

ஒரு பாட்டு ஆட்சியைக் கவிழ்த்தது என்று நான் சொல்ல மாட்டேன். அதற்குக் காரணங்கள் பல. ஆனால் ஒன்று சொல்வேன். நமக்குப் பிடித்த பாடகருக்காகப் பரிந்து பேசுவது எளிது. படோச்கா போன்ற முதியவர், நீண்ட முடி வளர்த்த அவ்விளைஞர்களின் பாட்டை விரும்பியாக வேண்டிய தேவையே இல்லை. அதைப் பாடும் உரிமைக்காகவே அவர் எழுந்து நின்றார். நம் செவிக்கு ஒவ்வாத குரலுக்கும் உரிமை உண்டு என்று ஒப்புக்கொள்ளும்போதுதான் சுதந்திரத்தின் பொருள் நமக்கு விளங்குகிறது.