பட்டிமாடும் உங்கள் வைக்கோலும்



2022ஆம் ஆண்டு திசெம்பர் மாதத்திலே, மண்டூஸ் சூறாவளி வங்கக்கடலைக் கடந்தபொழுது, வடக்கு, கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் குளிரினால் மடிந்தன. நனைந்து நிற்கும் மாடுகளுள் முதலில் விழுவது வயிறு நிறையாத மெலிந்த மாடே. பெரும்போகத்தில் நம் மாவட்டத்துப் பட்டிமாடுகள் பலவற்றின் நிலை அதுதான். கந்தளாய், தம்பலகாமம், கிண்ணியா, மூதூர்ப் பகுதிகளில் வயல் விதைத்ததும் மாடுகள் காட்டோரத்துக்கு ஓட்டப்படுகின்றன. தாழ்நிலமோ வெள்ளத்துள் ஆழ்ந்துவிடுகிறது. பசித்த மாடு வேலி தாண்டி உங்கள் பயிரில் வாய் வைக்கிறது. அதன்பின் எழும் மனக்கசப்பை நீங்கள் அறிவீர்கள்.

இலங்கையின் பல பாகங்களிற் பாற்பண்ணையாளர் கோயம்புத்தூரிலிருந்து வந்த கோ-3 புல்லை நட்டுப் பயன் பெறுகின்றனர். ஆயினும் பெரும் பட்டி ஒன்றுக்கு நட்ட புல் மட்டும் போதாது. பட்டிக்காரருக்கு வேண்டிய தீனி உங்கள் வயலிலேயே கிடக்கிறது. சிறுபோக வைக்கோல் நல்ல வெயிலிற் காய்ந்தது. அதனை எரித்துவிடாது போரிட்டு, மழை புகாது மூடி வையுங்கள்.

வெறும் வைக்கோல் மாட்டின் வயிற்றை நிரப்புமேயன்றி உடலைத் தேற்றாது. அதனை யூரியாவினாற் பதப்படுத்தும் முறை 1980ஆம் ஆண்டுகளிலேயே இலங்கையிற் பரீட்சிக்கப்பட்டது. வேலை மிகுதியென்று பலர் அதனைக் கைவிட்டனர். அவர்கள் கூறியதிலும் நியாயம் உண்டு. ஆதலின் கறவை மாடுகளுக்கும் சினை மாடுகளுக்கும் மட்டுமேனும் செய்தல் நன்று.

நூறு கிலோ வைக்கோலுக்கு நான்கு கிலோ யூரியாவை நூறு லீற்றர் நீரில் முற்றாகக் கரைத்துக்கொள்க. வைக்கோலைப் படைபடையாகப் பரப்பி, ஒவ்வொரு படைக்கும் கரைசலைச் சமமாகத் தெளித்து, நன்றாக மிதித்து, பொலித்தீன் விரிப்பினாற் காற்றுப் புகாது மூடுக. குறைந்தது பத்து நாள் கழிய வேண்டும். மூன்று வாரம் விடின் இன்னும் நன்று. அன்றன்று வேண்டியதை மட்டும் எடுத்து, காரநெடி நீங்கும்வரை உலரவிட்டு, முதலிற் சிறிதளவே கொடுத்துப் பழக்குக. ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்குக் கொடுத்தலாகாது. யூரியா கரைத்த நீரை மாடு குடித்தால் உயிர்போகும். அவ்வாளியைக் கன்றுகாலி அணுகாத இடத்திலேயே வையுங்கள்.

வைக்கோலைக் கொடுத்துவிட்டால் வயலின் உரம் குறையாதோ என நீங்கள் கேட்கலாம். குறையும். நெற்பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் பொட்டாசியத்தின் பெரும்பகுதி வைக்கோலிலேயே தங்குகிறது. ஆகவே வைக்கோலை இலவசமாகக் கொடாதீர்கள், சாணத்துக்கு மாற்றுங்கள். 2021ஆம் ஆண்டு மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைப்பட்டபொழுது சாணத்தின் அருமை யாவருக்கும் விளங்கிற்று. நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்து மணற்பாங்கான நிலங்களில் மரக்கறி செய்வோருக்கு அது மேலும் பயன்தரும். நீரை விரைவில் இழக்கும் மண்ணுக்கு மக்கிய எரு ஈரம் காக்கும்.

இவ்வொப்பந்தத்தைச் சிறுபோக அறுவடைக்கு முன்னரே பட்டிக்காரருடன் பேசிக்கொள்ளுங்கள். எத்தனை சுமை வைக்கோலுக்கு எத்தனை வண்டில் எரு என்பதைக் கமக்காரர் அமைப்பின் கூட்டத்திலே, இரு பகுதியாரும் இருக்கையில், எழுதி வைத்தல் நன்று.