சுதந்தரம் என்னும் சொல்



தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பில் சுதந்தரம் என்னும் சொல் பல இடங்களில் வருகின்றது. இன்று அச்சொல்லைக் கேட்டவுடன் நாட்டு விடுதலையே நினைவுக்கு வரும். விவிலியத்திலோ அது முன்னோரிடமிருந்து வழிவழியாக வந்து சேரும் உரிமையைக் குறிக்கின்றது. இது மொழிபெயர்த்தவர்கள் புதிதாகப் படைத்த பொருள் அன்று. நம் ஊர்களில் களத்து மேட்டில் தவசம் அளக்கும்போது, ஊர்ப் பணியாளர்க்கு உரிமையாக அளந்த பங்கினையும் சுதந்தரம் என்றே வழங்கினர். உரிய பங்கு உரியவர் கைக்கு வந்து சேர்வதே சுதந்தரம் என்னும் கருத்து அச்சொல்லில் உறைந்திருக்கின்றது.

இன்று பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேறொரு சொல் வழங்குகின்றது. அது விடுதலைப் பத்திரம். பிறந்த வீட்டுச் சொத்தில் தனக்குள்ள பங்கினை உடன்பிறந்தார்க்கு விட்டுக்கொடுத்து ஒரு பெண் கையொப்பமிடும் ஆவணத்திற்கும் அதுவே பெயர். சுதந்தரத்தை இழப்பதற்கு விடுதலை என்று பெயர் அமைந்துவிட்டது. இவ்விரு சொற்களுக்கும் இடையிலுள்ள தொலைவை அளந்து பார்க்க, இஸ்ரவேல் கோத்திரங்களின் நிலப் பங்கீடு துணை செய்யும்.

கானான் நாட்டைப் பங்கிடும் முறையை எண்ணாகமம் விரித்துரைக்கின்றது. பெரிய கோத்திரத்திற்குப் பெரும்பங்கு. சிறிய கோத்திரத்திற்குச் சிறுபங்கு. எந்தப் பகுதி எவர்க்கு என்பதைச் சீட்டுப் போட்டு அறிய வேண்டும். லேவி கோத்திரத்தார்க்கு மட்டும் அவ்வாறு நிலப்பங்கு இல்லை. இறைவனே அவர்கள் பங்கு. லேவியராகமமோ நிலம் இறைவனுடையது, மாந்தர் அதில் தங்கிப் போகின்றவர்களே என்கின்றது. வறுமையால் விற்ற நிலம் 50ஆம் ஆண்டில் உரிய குடும்பத்திற்கே திரும்ப வேண்டும் என்று விதிக்கின்றது. நிலம் எவர்க்கும் முழுவுடைமை அன்று. அது கையடையாகத் தரப்பட்டது என்பதே இப்பங்கீடு தரும் முதற்பாடம்.

இக்கருத்து தமிழ் மண்ணுக்கு அயலானது அன்று. ஊர் நிலத்தைப் பங்காளிகள் குறித்த ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிப் பகிர்ந்துகொள்ளும் கரையீடு என்னும் வழக்கம் தமிழகத்தின் சில பகுதிகளில் இருந்தது. நல்ல வயலும் மேட்டு வயலும் ஒருவர் கையிலேயே நிலைத்துவிடலாகாது என்பதே அதன் உட்கருத்து. ஆயினும் காணியுடையார்க்கு மட்டுமே அப்பங்கு கிடைத்தது. உழுதவர் பலர்க்கும் அதில் இடமில்லை. பெண்ணின் பெயரும் அங்கே கேட்கப்படவில்லை.

இஸ்ரவேலரிடையே அப்பெயர் ஒருநாள் கேட்டது. மனாசே கோத்திரத்தைச் சேர்ந்த செலொப்பியாத் ஆண்மகவின்றி வனாந்தரத்தில் இறந்தான். அவனுக்கு மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என ஐந்து பெண்மக்கள். மோசே, ஆசாரியன், தலைவர்கள், சபையார் அனைவர் முன்னும் அவ்வைவரும் வந்து நின்றனர். மகன் இல்லாத காரணத்தால் தந்தையின் பெயர் ஏன் அழிய வேண்டும் என்று வினவினர். தந்தையின் உடன்பிறந்தாரோடு தங்களுக்கும் காணி வேண்டும் என்றனர்.

ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அன்று அவர்கள் நின்ற இடம் யோர்தானுக்கு இப்புறம், மோவாப் சமவெளி. ஆற்றை இன்னும் எவரும் கடக்கவில்லை. கண்ணால் காணாத நிலத்தில் அவர்கள் பங்கு கேட்டார்கள். வாக்கு நிறைவேறும் என்று உறுதியாக நம்பியவர்க்கே அவ்வாறு கேட்க இயலும். உரிமை கேட்பது பேராசை என்று பெண்ணுக்குச் சொல்லித்தரும் உலகில், அது நம்பிக்கையின் செயலாகவும் அமையும் என்பது இரண்டாம் பாடம்.

மூன்றாம் பாடம் மோசேயிடமிருந்து வருகின்றது. வழக்கத்தில் இல்லை என்று அவர் அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. தமக்குத் தெரிந்த விடையை உடனே கூறவுமில்லை. வழக்கை இறைவன் முன் கொண்டுபோனார். பெண்மக்கள் கூறியது சரியே என்று விடை வந்தது. அது ஐவர்க்கு மட்டும் காட்டிய சலுகையாக நில்லாமல் அனைவர்க்குமான சட்டமாயிற்று. தமிழில் கேட்டல் என்னும் ஒரே சொல் வினவுதலையும் செவிமடுத்தலையும் குறிக்கின்றது. இரண்டும் சேர்ந்தால்தான் நீதி பிறக்கும்.

அந்த நீதியும் முழுமையானது அன்று. மகன் இல்லாத வீட்டில் மட்டுமே மகளுக்குப் பங்கு கிடைத்தது. பின்னர்க் கோத்திரத் தலைவர்கள் முறையிட, அப்பெண்கள் தந்தையின் கோத்திரத்திற்குள்ளேயே மணம் செய்ய வேண்டும் என்னும் வரம்பும் வந்தது. ஆயினும் யோசுவாவின் காலத்தில் அவர்கள் மீண்டும் வந்து நினைவூட்டித் தம் பங்கினைப் பெற்றார்கள். சட்டம் எழுதப்பட்ட பிறகும் நினைவூட்ட வேண்டியிருந்தது என்பது கருதத்தக்கது.

நம் நாட்டிலும் அதே கதைதான். 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சமச் சொத்துரிமை வேண்டும் எனத் தீர்மானித்தது. அவ்வியக்கத்தின் மூன்றாவது மாகாண மாநாடு 1931இல் விருதுநகரிலேயே நடைபெற்றது. தமிழக அரசின் திருத்தச் சட்டம் மகளை மகனுக்கு நிகரான கூட்டுரிமையாளர் ஆக்கியது 1989இல். இடையில் கழிந்தவை 60 ஆண்டுகள். அச்சட்டமும் 1989 மார்ச் 25க்கு முன் மணமான பெண்களை விலக்கியே வைத்தது. 2005ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் அவ்வேலியை நீக்கியது. அச்சட்டம் நடைமுறைக்கு வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

செலொப்பியாத்தின் வழக்கே மீண்டும் வந்தது போன்ற வழக்கு ஒன்றும் தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் சென்றது. 1938இல் ஏலத்தில் சொத்து வாங்கிய ஒருவர் 1956ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டத்திற்கு முன்பே இறந்தார். மகன் இல்லை, ஒரே மகள். அச்சொத்து மகளுக்கா, உடன்பிறந்தான் மகனுக்கா என்பது கேள்வி. கீழ்நீதிமன்றம் 1994இலும் உயர் நீதிமன்றம் 2009இலும் மகள்வழி உரிமையை ஏற்கவில்லை. 2022 சனவரி 20 அன்று உச்ச நீதிமன்றம் மகளுக்கே உரியது என்றது. அந்த மகள் 1967இலேயே மறைந்துவிட்டார்.

வேதம் வாசித்த வீடுகளும் இதற்கு விலக்கல்ல. திருவிதாங்கூர்க் கிறித்தவர்க்கான 1916ஆம் ஆண்டுச் சட்டம் மகளுக்கு மகன் பங்கில் கால்பகுதி அல்லது 5,000 ரூபாய், இவற்றுள் எது குறைவோ அதையே தந்தது. மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986இல்தான் அந்நிலை மாறியது. ஐந்து பெண்களின் பெயர்களைத் திருச்சபையில் படித்தவர்களே, வீட்டுக்கு வந்ததும் அவற்றை மறந்திருந்தார்கள்.

இனி இக்கரிசல் மண்ணுக்கு வருவோம். மானாவாரி நிலம் பொய்த்தபோது இம்மண்ணின் மக்கள் கைத்தொழிலைப் பற்றினர். 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர்; பட்டாசு பின்னர் வந்தது. இன்று தீப்பெட்டியிலும் பட்டாசிலும் உழைக்கும் கைகளில் பெரும்பகுதி பெண்களின் கைகள். திரி வெட்டியும் சரம் பின்னியும் பெட்டி அடைத்தும் ஈட்டிய கூலியால் எத்தனையோ வீடுகளில் அடகுக் கடன் அடைந்திருக்கின்றது. நிலம் கைவிட்டுப் போகாமல் காத்த கூலியில் மகளின் கூலியும் சேர்ந்தே இருக்கின்றது.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தில் நாற்பது பேர் அளவில் மாண்டனர். இத்தகைய துயர் நேரும் வீடுகளில் எல்லாம் வாரிசுச் சான்றிதழ் என்னும் தாள் தேவைப்படுகின்றது. அத்தாளில் மகனோடு மகளின் பெயரும் ஒரே வரிசையில் நிற்கின்றது. சாவு வந்த நாளில் வாரிசாக நின்றவள், நிலம் பங்கிடும் நாளில் வாரிசு அல்லள் ஆகிவிடுகின்றாள். சீர் செய்தாயிற்று, நகை போட்டாயிற்று என்கின்றனர். பங்கு கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபடுமே, பிள்ளைகளுக்குத் தாய்மாமன் வந்து நிற்க மாட்டானே என்னும் அச்சத்தில் அவள் கையொப்பமிடுகின்றாள். மனமொத்துத் தருவது கொடை. அதனை எவரும் பழிக்கலாகாது. அஞ்சித் தருவதைக் கொடை என்று அழைப்பதுதான் பிழை.

ஆதலின் பங்காளிகள் கூடி அமரும் நாளில், பத்திரம் எழுதும் முன்னரே, மூத்தவர் ஒருவர் மகளை நோக்கி, “உனக்கு என்னம்மா வேண்டும்?” என்று கேட்கட்டும். அவள் சொல்லும் விடையைப் பொறுமையோடு செவிமடுக்கட்டும். அதன்பின் அவள் பெற்றுக்கொண்டாலும் விட்டுக்கொடுத்தாலும் அது அவள் விருப்பமாக இருக்கும். அன்று சுதந்தரம் என்னும் சொல் தன் இருபொருளையும் ஒருங்கே பெற்று விளங்கும்.