சிங்கத்தின் வாளும் அரசிலையின் அருளும்

(அபிராமம் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கடலுக்கு அப்பால் பறக்கும் கொடியைப் பற்றிக் கமுதி வட்டத்து வானம் பார்த்த மண்ணிலே ஏன் பேசவேண்டும் என்று கேட்போர் உளர். கேட்கட்டும். இலங்கை அயல்நாடு என்று ஏடு கூறும். அண்டை வீடு என்று இந்த இராமநாதபுரத்துக் கரை கூறும். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடிய காலம் உண்டு. 1964 டிசம்பர்ப் புயல் அந்தத் துறையையே விழுங்கிற்று. தோட்டத் தொழிலுக்குத் தமிழனை அழைத்துச் சென்றபோது, நோய் உண்டா என்று நிறுத்திப் பார்த்து அனுப்பிய முகாம் நமது மண்டபத்திலே இருந்தது. பின்னாளிலே, உயிர் தப்பி ஓடிவந்த ஈழத்தமிழன் அடைக்கலம் புகுந்ததும் அதே மண்டபத்திலேதான். போனதும் இவ்வழி, வந்ததும் இவ்வழி! ஆகவே, அந்நாட்டுக் கொடியைப் பற்றிப் பேச நமக்கு உறவுமுறை உண்டு, உரிமையும் உண்டு.

கொடி என்பது, ஒரு நாடு தன் மக்களுக்குத் துணியிலே எழுதித் தரும் வாக்குறுதி. இலங்கை எழுதித் தந்த வாக்குறுதி யாது?

செந்நிறப் பரப்பிலே பொன்னிறச் சிங்கம். அதன் கையிலே வாள். நான்கு மூலையிலும் நான்கு அரசிலை. பக்கத்திலே இரண்டு பட்டைகள். பச்சைப் பட்டை இசுலாமியருக்கு, செம்மஞ்சள் பட்டை தமிழருக்கு என்கிறார்கள். சுற்றிலும் மஞ்சள் விளிம்பு. சிங்கம் இருப்பது ஒரு கட்டத்திலே, பட்டைகள் இருப்பது வேறொரு கட்டத்திலே! வீடு கட்டி, விருந்தினருக்குத் திண்ணை ஒதுக்கியது போல!

இது எப்படி வந்தது? 1948 சனவரியிலே, சிங்கக்கொடியை ஏற்கவேண்டும் என்று நாடாளுமன்றத்திலே தீர்மானம் கொண்டுவந்தவர் மட்டக்களப்பு உறுப்பினர் சின்னலெப்பை. சிங்களவர் அல்லர், இசுலாமியப் பெருமகன்! சிறுபான்மையினர் நீட்டிய நேசக்கரம் அது. அந்தக் கரத்தைப் பற்றியிருக்க வேண்டாமா? பண்டாரநாயகா தலைமையிலே கொடிக்குழு அமைந்தது. பொன்னம்பலம் இருந்தார், நடேசன் இருந்தார், ஜாயா இருந்தார். ஆய்ந்தார்கள், ஆலோசித்தார்கள், இறுதியிலே இரண்டு பட்டைகளை ஒட்டவைத்தார்கள். செனட்டர் நடேசன் ஒருவர் மட்டும் உடன்படாமல் மறுப்புரை எழுதினார். ஒற்றைக் குரல்தான். 1951இலே கொடி ஏற்கப்பட்டது. குரல் ஏட்டிலே உறங்கிற்று.

கொடிக்குழு கூடிய அதே 1948இலே இன்னொரு காரியமும் நடந்தது, தோழர்களே! குடியுரிமைச் சட்டம் வந்தது. மலையைத் திருத்தித் தேயிலை நட்டு, அந்நாட்டின் கருவூலத்தை நிரப்பிய மலையகத் தமிழர் ஏறத்தாழ 7 இலட்சம் பேர் நாடற்றவராயினர். ஒரு கையால் கொடியிலே பட்டை தைத்தார்கள். மறு கையால் குடியுரிமையைக் கிழித்தார்கள்! 1964 அக்டோபரிலே சாத்திரியாரும் சிறிமாவோ அம்மையாரும் ஒப்பந்தம் செய்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டார்கள். மனிதரைப் பங்கிட்டார்கள், மரக்கால் கொண்டு நெல்லை அளப்பது போல! எஞ்சியோர்க்குக் குடியுரிமை தரும் சட்டம் வந்தது 2003இலே. 55 ஆண்டுகள்!

அந்தச் சிங்கம் யாருடைய சிங்கம்? கண்டி நாட்டின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் கொடிச்சிங்கம். அவன் யார்? அவனுடைய இயற்பெயர் கண்ணுசாமி! மதுரை நாயக்கர் உறவுவழி வந்தவன். 1815இலே வெள்ளையர் அவனைப் பிடித்தனர், நாடு கடத்தினர், வேலூரிலே காவலில் வைத்தனர். 1832இலே அங்கேயே மாண்டான். பாலாற்றங்கரையிலே அவன் நினைவாகத் தமிழக அரசு எழுப்பிய முத்துமண்டபம் இன்றும் இருக்கிறது. கண்ணுசாமியின் கொடி கொழும்பிலே பறக்கிறது. கண்ணுசாமியின் கல்லறை தமிழ்நாட்டிலே இருக்கிறது. அவன் பேசிய தமிழுக்கு அந்தக் கொடியின் கீழே இடமில்லை என்றால், சிங்கமே சிரிக்காதா?

அடுத்து, அரசிலை. 1972இலே கொடியின் மூலைகளில் சேர்க்கப்பட்டது. நான்கு இலைக்கும் நான்கு பொருள்: அன்பு, அருள், பிறர் மகிழ்விலே மகிழ்தல், நடுநிலை. புத்தர் பெருமான் போதித்தவை, போற்றுகிறோம், தலை வணங்குகிறோம். ஆனால் அதே 1972 மே 22இலே நடப்புக்கு வந்த அரசியல் சட்டம், பௌத்தத்துக்கு முதலிடம் என்றது. சிங்களமே ஆட்சிமொழி என்றது. சோல்பரி சட்டத்திலே சிறுபான்மையினருக்குக் காப்பாக இருந்த 29ஆம் பிரிவை விட்டொழித்தது. கொடியிலே நடுநிலை என்ற இலை துளிர்த்தது. சட்டத்திலே நடுநிலை என்ற வேர் அறுந்தது. வேரில்லாத இலை எத்தனை நாள் பசுமையாக இருக்கும்?

ஓர் எழுத்துகூட அங்கே சின்னமாயிற்று. 1956இலே சிங்களம் மட்டும் என்ற சட்டம். 1957 சூலையிலே பண்டாரநாயகாவும் தந்தை செல்வாவும் ஒப்பந்தம் கண்டனர். 1958 தொடக்கத்திலே வண்டிகளின் எண் பலகையிலே சிங்கள 'ஸ்ரீ' வந்தது. தமிழர் அதன் மீது தார் பூசினர். தெற்கிலே தமிழ் எழுத்து மீது தார் பூசப்பட்டது. ஏப்ரலிலே ஒப்பந்தம் கிழிந்தது. மே மாதத்திலே கலவரம் மூண்டது. எழுத்திலே பூசிய தார் காய்வதற்குள் இரத்தம் சிந்திற்று!

இனி, நாட்டுப் பண். ஆனந்த சமரக்கோன் இயற்றியதைத் தமிழிலே பெயர்த்தவர் புலவர் நல்லதம்பி. அதே இசை, அதே நாட்டைத் தாயென்று வாழ்த்தும் பாட்டு. 1949க்குப் பிறகு 2016 பிப்ரவரி 4 அன்றுதான் கொழும்பு விடுதலை நாள் விழாவிலே அது தமிழிலே ஒலித்தது. 2020இலே அதே விழாவிலே அதை நிறுத்தினார்கள். தமிழன் பிரிவு கேட்டால் துரோகி என்கிறார்கள். தமிழிலே நாட்டை வாழ்த்துகிறேன் என்றபோது, வாயை மூடு என்றார்கள். வாழ்த்துவதற்கும் அனுமதிச் சீட்டா?

"பெரும்பான்மையின் மொழியிலேதானே பண் இருக்கும்?" என்பார்கள். சிங்கப்பூரைப் பாருங்கள். அதுவும் தீவு, அதன் பெயரிலேயே சிங்கம். அங்கே பெரும்பான்மையர் சீனர். நாட்டுப் பண்ணோ மலாய் மொழியிலே! தமிழ் அங்கே ஆட்சிமொழிகளுள் ஒன்று. கனடாவைப் பாருங்கள். ஆங்கிலேயர் சின்னத்தைத் தாங்கிய கொடியை விடுத்து, எல்லோர்க்கும் பொதுவான மேப்பிள் இலையை 1965இலே ஏற்றிக்கொண்டார்கள். தென்னாப்பிரிக்காவிலே ஒரே பண்ணை ஐந்து மொழிகளிலே பாடுகிறார்கள். நாடு உடைந்தா போயிற்று?

இலங்கையிலும் பொதுச் சின்னம் இல்லாமல் இல்லை. 1986இலே தேசிய மரமாக நாகமரத்தையும், தேசிய மலராக நீல அல்லியையும் ஏற்றார்கள். அவற்றோடு எந்தத் தமிழனுக்கும் வழக்கில்லை. அரசு முத்திரையிலே நிறைகுடமும் நெற்கதிரும் உள்ளன. அவை தமிழன் வீட்டு வாயிலிலும் உள்ளவைதாமே! யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் நந்தியையும் 'சேது' என்ற தமிழ்ச் சொல்லையும் நாணயத்திலே பொறித்தார்கள். சேதுபதிகள் ஆண்ட சீமையிலே நின்று அந்தச் சொல்லைக் கேட்கும்போது சிலிர்ப்பு வராதா?

பெயரும் சின்னமும் எதற்கு, சோறு போதாதா என்பார்க்கு விடை, பழைய இராமநாதபுரம் மாவட்டத்து விருதுநகரிலே இருக்கிறது. 'தமிழ்நாடு' என்ற பெயர் வேண்டும் என்பதை முதன்மையாய் வைத்து 1956இலே உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்தார் சங்கரலிங்கனார். 1967 சூலை 18இலே பேரறிஞர் அண்ணா சட்டமன்றத்திலே அந்தப் பெயரை நிறைவேற்றினார். சோற்றையே துறந்து பெயரைக் கேட்டவர் பிறந்த மண் இது!

எனவே தோழர்களே, நாம் சிங்கத்தை வெறுக்கச் சொல்லவில்லை. சிங்கள உழவனும் நம்மைப் போல் வியர்வை சிந்துகிறவன்தான். 1987இலே தமிழும் ஆட்சிமொழி என்று அவர்களே சட்டத்திலே எழுதினார்கள். எழுதியதை நடத்துங்கள் என்கிறோம். நல்லதம்பியின் தமிழ்ப் பண்ணை மேடையிலே என்றும் பாடவிடுங்கள் என்கிறோம். நான்காம் இலையின் பெயர் நடுநிலை. அதைப் படித்துப் பாருங்கள் என்கிறோம். இதையே நம் நாட்டிலும் கேட்போம்: பச்சைப் பட்டைக்கு உரிய மக்கள் இந்த அபிராமத்திலும் நம்மோடு அமர்ந்திருக்கிறார்கள். அவர்களைத் திண்ணையிலே நிறுத்த எவன் வந்தாலும், முதற்குரல் நம் குரலாக இருக்கட்டும்!