பழைய உடலுக்குப் புதிய விசை



பெட்ரோலில் ஓடிய பழம்பெரும் காரை மின்காராக மாற்றுவது இன்றைய என் பொருள். கேட்பதற்குப் பணிமனைச் செய்தி போலத் தோன்றும். ஆயினும், பழமையைப் போற்றும் எவரும் எதிர்கொள்ள வேண்டிய வினா ஒன்று இதனுள் உள்ளது. ஒரு பொருளில் எதனை மாற்றலாம்? எதனை மாற்றினால் அது தன்னையே இழந்துவிடும்?

முதலில் ஒரு சொல். ஒருவரின் உறுப்பு மற்றொருவரை வாழவைப்பதை மருத்துவத்தில் உறுப்புக்கொடை என்கிறோம். விபத்தில் உடல் நசுங்கிய புதிய மின்காரிலிருந்து மோட்டார், மின்கலம், மின்னோட்டத்தை மாற்றித் தரும் இன்வெர்ட்டர் ஆகியவற்றைக் கழற்றிப் பழைய காரில் பொருத்துகிறார்கள். அவ்வாறு உறுப்பு வழங்கும் காரைக் 'கொடைவண்டி' என்று அழைப்போம்.

இனி ஓர் எடுத்துக்காட்டு. 2019ஆம் ஆண்டில் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் இ-கிளாசிக்ஸ் என்னும் ஜெர்மானிய நிறுவனத்துடன் இணைந்து, பழைய பீட்டில் காரை மின்காராக மாற்றிக் காட்டியது. மோட்டார், ஒற்றைக் கியர்ப்பெட்டி, மின்கலம் ஆகிய மூன்றும் 'இ-அப்' என்னும் அதன் சிறு மின்காருக்கு உரியவை. மோட்டாரின் ஆற்றல் 60 கிலோவாட். மின்கலத்தின் கொள்ளளவு 36.8 கிலோவாட் மணி. ஒருமுறை மின்னூட்டினால் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் செல்லும் என்று அறிவித்தார்கள்.

வண்டியின் எடையோ 1,280 கிலோவாகியது. பழைய பீட்டில் இதைவிடப் பல நூறு கிலோ குறைவானது. எனவே அடிச்சட்டத்தை வலுப்படுத்தி, தடுப்பான்களையும் புதிய எடைக்கு ஏற்ப அமைக்க வேண்டியிருந்தது. எஞ்சினை நீக்கும்போது அது சொல்லாமல் செய்துவந்த பணிகளும் நின்றுபோகின்றன. பீட்டிலின் உட்புறத்தைக் குளிர்காலத்தில் சூடாக்கியது எஞ்சினின் வெப்பமே. வேறு பல கார்களில் தடுப்பான் மிதியை எளிதாக்கும் வெற்றிட விசையும் எஞ்சினிலிருந்தே கிடைத்தது. அவற்றுக்கெல்லாம் தனித்தனி மின்கருவி வேண்டும். 6 அல்லது 12 வோல்ட்டில் இயங்கிய உடலுக்குள் நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடப்போகிறது என்பதால், உரிய பயிற்சி இல்லாதவர் இதில் கைவைத்தல் ஆகாது.

மொழி ஆர்வலர்களாகிய உங்களுக்குச் சுவையான ஒன்றையும் சொல்ல வேண்டும். இக்காலக் காரின் உறுப்புகள் தமக்குள் பேசிக்கொள்கின்றன. போஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்திய 'கேன்' என்னும் செய்திப் பரிமாற்ற முறை அதற்கு வழிசெய்கிறது. கொடைவண்டியிலிருந்து கழற்றிய இன்வெர்ட்டருக்குத் தான் எதிர்பார்க்கும் செய்திகள் வராவிட்டால், அது பெரும்பாலும் மோட்டாரைச் சுழலவிடாது. உறுப்பு பழுதற்றதாக இருந்தும் பேச்சுத்துணையின்றி ஊமையாகிவிடுகிறது. ஆகவே, அது எதிர்பார்க்கும் செய்திகளை அனுப்பும் சிறு கணினியை இடையே வைக்கிறார்கள். அல்லது அதன் கட்டுப்பாட்டுப் பலகையையே மாற்றுகிறார்கள். இரும்பைப் பொருத்துவதைவிட இந்த மொழியை அறிவதே பலருக்குக் கடினமாகிறது.

மாற்றிய கார் பழைய கார்தானா? பழம்பெரும் வாகனங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பான 'ஃபிவா' 2019இல் தன் நிலைப்பாட்டை வெளியிட்டது. மின்விசைக்கு மாறிய வண்டியை வரலாற்று வாகனமாகக் கருத இயலாது என்றது. மாற்றியே தீருவேன் என்பவர், பழைய நிலைக்குத் திருப்பக்கூடிய முறையில் மாற்றி, கழற்றிய உறுப்புகளை அடையாளமிட்டுக் காக்க வேண்டும் என்றும் அறிவுறுத்தியது.

அப்படி மாற்ற இயலும் என்பதற்குச் சான்று உண்டு. ஜாகுவார் நிறுவனம் 2017இல் 1968ஆம் ஆண்டின் ஈ-டைப் காரை மின்காராக்கியது. பழைய ஆறு உருளை எஞ்சினின் அளவையும் எடையையும் ஒத்ததாக மின்கலத் தொகுதியை வடிவமைத்து, அதே இடத்தில் வைத்தது. கியர்ப்பெட்டி இருந்த இடத்தில் மோட்டார் அமர்ந்தது. முன்பைவிட 46 கிலோ எடை குறைந்தது. பழைய எஞ்சினை மீண்டும் பொருத்தவும் இடமிருந்தது.

என் கருத்து இது. எஞ்சின் நலமாக இருக்கும் அரிய காரை அப்படியே விட்டுவிடுவதே முறை. அதன் ஒலியும் அதிர்வும் ஒரு காலத்தின் ஆவணம். ஆனால் பீட்டில் 21 மில்லியனுக்கும் மேல் உற்பத்தியானது. அவற்றுள் எஞ்சின் இழந்து கொட்டகையில் துருவேறும் உடலுக்கு மின்விசை மறுவாழ்வு தருமாயின், அதனைப் பழமைக்கு இழைத்த கேடு என்று நான் கருதவில்லை. எந்நிலையிலும், அடிச்சட்டத்தை வெட்டுவதற்கு முன் ஒருமுறை நின்று எண்ண வேண்டும். கழற்றியதைப் பின்னொருவர் மீண்டும் பொருத்தலாம். வெட்டியதை அவ்வாறு மீட்க இயலாது.