விழுந்தவன் செலவுக்கு யார் பொறுப்பு?

(அம்பத்தூரில் பேசியதன் சுருக்கம்)



மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து எலும்பு முறிந்தவனுடைய வைத்தியச் செலவைப் பற்றிப் பேசும்படி நம்மைக் கேட்டுக் கொண்டிருக்கிறார்கள். பாடியிலிருந்து ஆவடிக்குப் போகும் ரஸ்தாவிலோ, பூந்தமல்லி நெடுஞ்சாலையிலோ, ஷிப்டு விடுகிற நேரத்தில் ஒரு நாழிகை நின்று பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு அவசரமான விஷயம் என்று நாம் விளக்க வேண்டியதில்லை. 2022-ம் வருஷத்தில் இந்தியா முழுவதிலும் ரஸ்தா விபத்தில் செத்தவர்கள் 1,68,491 பேர். அதில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரண்டு சக்கர வண்டியில் போனவர்கள். அந்த வருஷம் விபத்துக் கணக்கில் முதலாவதாக நின்றது நம் தமிழ்நாடு, 64,105 விபத்து.

விழுந்தவன் வீட்டுக்குப் போனால் "தலையெழுத்து" என்கிறார்கள். எழுதினவன் பிரம்மா என்றால் ஆஸ்பத்திரி பில்லையும் அவன் பேருக்கல்லவா அனுப்ப வேண்டும்? அதை மட்டும் பெண்சாதியின் தாலியை அடகு வைத்துக் கட்டுகிறோம். புது வண்டி வாங்கினவுடன் சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பூசணிக்காய் உடைத்து, தட்சணையும் கொடுத்து வருகிறவர்களில் எத்தனை பேர் வண்டியோடு கொடுத்த இன்ஷூரன்ஸ் காகிதத்தை வாசித்துப் பார்த்திருக்கிறார்கள்?

அந்தக் காகிதத்தில் இருப்பதென்ன? 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயப்படுத்துவது மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் மட்டுந்தான். அதாவது, நம் வண்டி பிறனை இடித்தால் அவனுக்குக் கொடுப்பதற்கு. நாமே சறுக்கி விழுந்தால் அதில் ஒரு காசும் கிடையாது. பின்னால் உட்கார்ந்து வருகிற பெண்சாதிக்கும், பிள்ளைக்கும்கூட அந்தக் கட்டாயப் பாலிசி பொறுப்பல்ல என்று 2006-ல் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. கூடுதல் பணம் கட்டி முழுப் பாலிசி எடுத்தவருக்கோ வண்டியின் உடைந்த விளக்குக்குப் பணம் உண்டு. ஓட்டினவனின் உடைந்த காலுக்கு இல்லை!

"பதினைந்து இலட்சம் இருக்கிறதே" என்று ஒரு தோழர் கேட்கிறார். இருக்கிறது. 2018-ல்தான் அது ஒரு இலட்சத்திலிருந்து பதினைந்து இலட்சமாயிற்று. ஆனால் அது உயிர் போனாலும், கை கால் கண் போனாலும், நிரந்தரமாக முடங்கினாலும் கிடைப்பது. கம்பி வைத்து ஆறு மாதம் படுத்தெழுந்தவனுக்கு அதில் ஒன்றுமில்லை. அதுவும் வண்டி யார் பேரில் இருக்கிறதோ அவர் லைசென்சோடு ஓட்டியிருந்தால்தான். அப்பன் பேரில் வண்டி, மகன் ஓட்டுகிறான் என்றால் கம்பெனி கை விரித்துவிடும். மற்றொரு சங்கதி: புது வண்டிக்கு மூன்றாம் நபர் பாலிசி ஐந்து வருஷத்துக்கு, இந்தப் பதினைந்து இலட்சத்தை ஒரு வருஷத்துக்கே எடுத்திருப்பார்கள். ஐந்து வருஷமும் எல்லாம் இருக்கிறதென்று நினைத்துக் கொண்டிருக்கிறோம்.

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று நாம் சொல்லவில்லை. 18-12-2021-ல் தமிழ்நாட்டில் துவக்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டப்படி, விபத்தில் அடிபட்டவன் எந்த ஊரானாலும், கார்டு இல்லாவிட்டாலும், திட்டத்தில் சேர்ந்துள்ள ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரத்துக்குப் பணம் கேட்கக் கூடாது. 2025 மே மாதம் மத்திய சர்க்காரும் ஏழு நாளைக்கு ஒன்றரை இலட்சம் வரை என்று விதி செய்திருக்கிறது. நல்ல காரியங்கள்தான். ஆனால் தொடை எலும்பு 48 மணியில் கூடுமா, ஏழு நாளில் கூடுமா? அதற்கப்புறந்தான் மருந்தும், இரண்டாவது ஆப்பரேஷனும், சம்பளமில்லாத மாதங்களும் வருகின்றன.

அப்போது யாருக்கு என்ன இருக்கிறதென்று பாருங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஐந்து இலட்சம் வரை வைத்தியமுண்டு. ஆனால் குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000-க்குள், அதாவது மாதம் பத்தாயிரத்துக்குள் இருக்க வேண்டும். தொழிற்பேட்டைத் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு, 2017-ல் வைத்த கணக்குப்படி சம்பளம் 21,000-க்கு மேல் போகக் கூடாது. ஈ.எஸ்.ஐ. உள்ளவன் வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் விழுந்தால், அதை வேலையில் நேர்ந்த விபத்தாகவே பாவிக்க வேண்டுமென்று 2010-லேயே சட்டம் திருத்தியாகிவிட்டது. இது தெரியாமல் எத்தனையோ பேர் லீவு எழுதிக் கொடுத்து விடுகிறார்கள்.

இனி, மாதம் பதினையாயிரம் வாங்குகிறான். முதலாளி அவன் பேரைப் பதியவில்லை. அவன் எங்கே போவது? இருபத்தையாயிரம் வாங்குகிற மேஸ்திரி எங்கே போவது? வீட்டுக்கு வீடு சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டு போகும் வாலிபன், பகலெல்லாம் ரஸ்தாவிலேயே இருப்பவன், அவனை எவனும் தன் தொழிலாளி என்றே ஒப்புக் கொள்ளுவதில்லையே! ஏழையென்று சொல்லக் கொஞ்சம் அதிகம், பணக்காரனென்று சொல்ல நிரம்பக் குறைவு. இந்த இடைவெளியில்தான் நம் ஜனங்களில் எத்தனையோ பேர் நின்று கொண்டிருக்கிறார்கள். உடல்நலக் காப்பீட்டை ஒவ்வொருவனும் கம்பெனியில் வாங்கிக் கொள்ளட்டும் என்பவர்கள், அவனுடைய வாடகையையும் பள்ளிக்கூடச் சம்பளத்தையும் ஒரு தரம் கூட்டிப் பார்க்க வேண்டும். இந்த இரண்டு வரம்புகளையும் எடுக்கும்படி கேட்பது பிச்சையல்ல. பெட்ரோலுக்கு வரி கட்டுகிறவனின் பாத்தியதை.

பிறன் வண்டி இடித்திருந்தால் பூந்தமல்லிக் கோர்ட்டில் நஷ்ட ஈட்டுக்கு மனுப் போடலாம். 2022 ஏப்ரல் முதல் ஆறு மாதத்துக்குள் என்று கெடு வைத்திருக்கிறார்கள். இடித்தவன் ஓடிப் போயிருந்தால் பலத்த காயத்துக்கு 50,000, சாவுக்கு இரண்டு இலட்சம். போலீஸ் எப்.ஐ.ஆர்., ஆஸ்பத்திரிச் சீட்டு, மருந்துக் கடை ரசீது ஒன்றும் தொலையக் கூடாது. "கேஸ் வேண்டாம், பேசி முடித்துக் கொள்ளலாம்" என்று ஐயாயிரத்தை நீட்டுகிறவனை நம்பி எப்.ஐ.ஆர். போடாமல் விட்டவர்களுக்குப் பின்னால் வழி கஷ்டமாகிவிடுகிறது.

அடுத்த கூட்டத்துக்கு வருகிற தோழர்கள் தங்கள் வண்டிப் பாலிசியை எடுத்து வந்தால், ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது, எந்தத் தேதியில் முடிகிறது என்று கூட இருந்து வாசித்துச் சொல்லத் தயாராயிருக்கிறோம்.