கன்றின் கதையும் மெய்ம்மையும்

(திருக்குட நன்னீராட்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



எல்லாம் வல்ல சிவபெருமான் திருவடிகளை வணங்கிப் பேசத் தொடங்குகின்றேன். ‘புராணக் கதைகளும் மெய்ம்மையும்’ என்பது அடியேனுக்கு அளிக்கப்பெற்ற பொருள். பொருளோ பெரிது, காலமோ சிறிது. ஆதலின் ஒரே ஒரு கதையை எடுத்துக்கொள்கின்றேன். அதனையும் என் பிழை ஒன்றைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும்.

திருமடத்துக் கல்வியை முடித்துக்கொண்டு, ஓர் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியனாக இருந்த காலம். ஏறத்தாழ 45 ஆண்டுகளுக்கு முன்னர் என்று கொள்ளுங்கள். மனுநீதிச் சோழர் வரலாற்றை வகுப்பில் விரித்துரைத்துக்கொண்டிருந்தேன். கன்றும் மைந்தனும் அமைச்சனும் உயிர்பெற்றெழுந்த இடத்தில் எனக்கே கண்கள் கலங்கின. அப்போது ஒரு சிறுவன் எழுந்து, “ஐயா, மகன்தான் பிழைத்துவிட்டானே! அரசருக்கு என்ன நட்டம்?” என்றான். வகுப்புச் சிரித்தது. “புராணத்தில் ஐயம் கொள்வது பாவம்” என்று கடிந்து, அம்மணி முடியும்வரை அவனை நிற்க வைத்தேன். அதன்பின் அவன் என்னிடம் எதனையும் கேட்டிலன். விடை அறியாத ஆசிரியனுக்குச் சினமே துணை.

அக்கேள்வி என்னை விட்டு நீங்கவில்லை. இவ்வரலாறு வேறு எங்கெங்கு வந்துள்ளது என்று தேடத் தொடங்கினேன்.

சேக்கிழார் பெருமான் இதனைத் திருவாரூரில் நிகழ்ந்ததாகத் திருநகரச் சிறப்பில் வைத்துப் பாடியுள்ளார். அவருக்கு முற்பட்ட சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியன் முன் நின்று தன் ஊரின் பெருமை கூறும்போது இக்கதையைச் சுட்டுகின்றாள். அவள் கூறும் ஊர் திருவாரூர் அன்று, புகார். மைந்தன் மீண்டெழுந்ததாக அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

இவற்றினும் வியப்பானது கடல் கடந்த செய்தி. இலங்கையின் பௌத்த வரலாற்று நூலாகிய மகாவம்சம் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்தில் 44 ஆண்டுகள் ஆண்ட ஏலாரன் என்னும் சோழ நாட்டு மன்னனைப் பற்றிக் கூறுகின்றது. அவனை நாம் எல்லாளன் என்போம். அந்நூலிலும் ஆராய்ச்சி மணி உண்டு. கன்றை இழந்த பசு உண்டு. தேரில் சென்ற ஒரே மகன் உண்டு. அதே தேர்க்காலால் மகனின் தலையை அரசன் துணிப்பித்தான் என்று முடிகின்றது. அங்கே எவரும் உயிர்த்தெழவில்லை. அந்நூலாசிரியருக்கு எல்லாளன் மாற்றான், பிற சமயத்தான், துட்டகாமணியால் போரில் வீழ்த்தப்பட்டவன். இருந்தும் அவன் நீதியை அவர் மறைக்கவில்லை. வென்ற துட்டகாமணியே தோற்றவனுக்கு நினைவுச் சின்னம் எழுப்பி வழிபாடும் செய்வித்தான் என்று எழுதுகின்றார். பகைவன் நூலில் இடம்பெறும் புகழுக்குப் பெறுமதி மிகுதி என்பதை வழக்காடியவர் அறிவர்.

இனி, அன்பர்களே, ஊர் மூன்றாயிற்று; முடிவு இரண்டாயிற்று. இவற்றுள் எது மெய்? எழுத்துக்கு எழுத்து நிகழ்ந்ததே என்று சிலர் மேசையைத் தட்டுவர். ஊரே ஒத்து வரவில்லை, எல்லாம் கட்டுக்கதை என்று சிலர் கைகொட்டுவர். இரு சாராரும் பசுவை மறந்துவிட்டனர். ஊர் மாறியது, முடிவு மாறியது; மணி ஒலித்ததும், அதற்கு அரசன் எழுந்ததும், குற்றம் செய்தவன் தன் மகன் என்பதால் நீதி வளையாததும் எங்கும் மாறவில்லை. பல நாட்டார், பல சமயத்தார், பல நூற்றாண்டினர் கைமாற்றிக் கொடுத்தும் தேயாது நின்ற பகுதி அதுவே.

அவ்வாறாயின், சேக்கிழார் பெருமான் கூறும் அருட்காட்சி வெறும் புனைவோ எனின், அன்று. மீண்டும் நூலைப் பாருங்கள். கழுவாய் செய்து மைந்தனைக் காக்கலாம் என்று அமைச்சர்கள் வழி கூறுகின்றனர். பிறன் ஒருவன் ஓர் உயிரைக் கொன்றால் அவனைக் கொல்வேன், என் மகன் கொன்றால் கழுவாயா என்று அரசர் மறுக்கின்றார். ஏவப்பெற்ற அமைச்சன் அது செய்ய மாட்டாது தன் உயிரை விடுகின்றான். பின்னர் அரசர் தாமே தேரைச் செலுத்துகின்றார். விடைமேல் இறைவன் தோன்றுவான் என்று அவருக்கு அப்போது தெரியாது. அது பாட்டைப் படிக்கும் நமக்குத்தான் தெரியும்! நாம் முடிவை முன்னரே அறிந்துகொண்டு, அவரும் அறிந்திருந்தார் போல எண்ணிவிடுகின்றோம். சக்கரம் மகன்மேல் ஏறிய அந்த நொடியில் அவர் இழந்தது முழு இழப்பு. அருள் அதற்குப் பின்னர் வந்தது. அருள் வரும் என்று கணக்கிட்டுச் செய்திருப்பாராயின் அது நீதியாகாது, வாணிகமாகும். அந்தச் சிறுவனுக்கு அன்று யான் சொல்லியிருக்க வேண்டிய விடை இதுவே.

திருவாரூர் செல்வோர் திருக்கோயிலின் உள்ளே வழிபட்டுத் திரும்பிவிடுகின்றனர். வெளியே இவ்வரலாற்றைக் காட்டும் கல்தேர் ஒன்று உள்ளது; அதனையும் நின்று பாருங்கள். விக்கிரம சோழன் (1118–1135) காலக் கல்வெட்டு ஒன்றும் அவ்வூரில் இவ்வரலாற்றைக் கூறுகின்றது. பெரிய புராணம் அரங்கேறுவதற்கு முன்னரே அவ்வூரார் இதனைத் தம் ஊர்ச் செய்தியாகப் போற்றி வந்தனர் என்பது இதனால் விளங்கும்.

இத்திருக்கோயிலுக்கும் புதிய மணி ஒன்றை அன்பர் ஒருவர் அளித்துள்ளார். காலையில் அதன் ஒலியைக் கேட்டேன், நல்ல நாதம். கயிற்றைச் சற்று நீளமாக விடுமாறு குழுவினரை வேண்டினேன்; சிறுவர்க்கும் எட்ட வேண்டும் அன்றோ!

இப்பேச்சினை மலரில் அச்சிடுவதாகக் கூறியுள்ளனர். அந்த மாணவருக்கு இப்போது பேரக் குழந்தைகள் இருக்கக்கூடும். மலர் அவர் கைக்குக் கிடைக்குமாயின், விடை தாமதமாகிவிட்டது, உட்காருங்கள் என்று இவ்வாசிரியன் சொன்னதாகக் கொள்வாராக.