இடிபாடும் உரிமையும்

(தாம்பரத்தில் கூடிய நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேசப் புகும் விஷயம் செவிக்கு இனியதன்று. பிள்ளைகளின் கல்வி, கலியாணச் செலவு, உபகாரச் சம்பளம் ஆகியவற்றையே இம்மேடையிற் கேட்டுப் பழகிய தங்களுக்கு, இடிந்து விழுந்த கட்டிடங்களையும் அவற்றின்கீழ் அகப்பட்டோரையும் பற்றிய பேச்சு கசப்பாகவே இருக்கும். ஆயினும் வேம்பு கசக்கும் என்பதற்காக வைத்தியன் அதனை விலக்குவதில்லை. நம்மவருள் கொத்து வேலையிலும் கம்பி கட்டும் வேலையிலும் ஜீவிப்பவர் பலர். வங்கியிற் கடன்பட்டு அடுக்குமாடியில் வீடு வாங்கியவர் பலர். பழைய வீடுகளில் வாடகைக்கு இருப்பவரும் பலர். ஆகவே இவ்விஷயம் நம் வீட்டு வாயிலிலேயே வந்து நிற்கின்றது.

நம் பகுதியின் வளர்ச்சியைத் தாங்கள் அறிவீர்கள். பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்னும் நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர் முதலிய பேரூராட்சிகளும் தாம்பரத்தோடு ஒன்றாகி, 2021 நவம்பர் 3-ஆம் நாள் தாம்பரம் ஒரு மாநகராட்சியாயிற்று. நெல் விளைந்த நிலத்தில் இன்று நான்கு மாடியும் ஐந்து மாடியும் நிற்கின்றன. வளர்ச்சி நன்றே. ஆனால் மேலே எழும்பும் கட்டிடம் கீழே நிலைத்து நிற்கின்றதா என்று பார்ப்பவர் யார்? அது நிலையாமல் விழுந்தால், அடிபட்டவனுக்கு வழி யாது? இவற்றையே இன்று ஆராய்வோம்.

தாம்பரத்திற்கு வடக்கே, போரூரை அடுத்துள்ள மௌலிவாக்கத்தில் நிகழ்ந்ததை யாரும் மறந்திரார். 2014 ஜூன் 28-ஆம் நாள், சனிக்கிழமை மாலை, மழை பெய்துகொண்டிருந்தது. கட்டப்பட்டுவந்த 11 மாடிக் கட்டிடம் ஒன்று நின்ற இடத்திலேயே நொறுங்கி விழுந்தது. 61 பேர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் ஆந்திரம், ஒடிசா ஆகிய நாடுகளிலிருந்தும் நம் தென் மாவட்டங்களிலிருந்தும் கூலிக்காக வந்த ஏழைகள். மின்னல் தாக்கியதால் விழுந்தது என்று கட்டியோர் தரப்பில் முதலிற் சொல்லப்பட்டது. நீதிபதி ரெகுபதி அவர்கள் தலைமையில் அரசு அமைத்த விசாரணைக் கமிஷனோ அதனை ஏற்கவில்லை; குறை கட்டிடத்திலேயே இருந்தது என்று கண்டது. அருகில் நின்ற இரட்டைக் கட்டிடமும் தகுதியற்றதெனக் கருதப்பட்டு, 2016 நவம்பர் 2-ஆம் நாள் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. இதனால் நாம் அறிவது யாது? வானத்தின்மேற் பழியைப் போடுவது எளிது. தூணின் கனத்தையும் கம்பியின் அளவையும் எண்ணிப் பார்த்தால் பழி பெரும்பாலும் மனிதன்மேலேயே வந்து தங்கும்.

இத்தகைய விபத்து நேர்ந்தவுடன் அரசு நிவாரணம் அறிவிக்கின்றது. கட்டிடக்காரர் ஒரு கவரில் பணம் வைத்துத் தருகின்றார். ஊரார் கஞ்சி வார்க்கின்றனர். இவையெல்லாம் இரக்கத்தின்பாற் பட்டவை, நன்றியோடு ஏற்கத்தக்கவை. ஆனால் இரக்கம் வேறு, உரிமை வேறு. இரக்கம் தருபவன் மனம்போல வருவது. உரிமை சட்டம் அளந்து வைத்தது. நம் மக்கள் முன்னதைப் பெற்றுக்கொண்டு பின்னதைக் கைவிட்டுவிடுகின்றனர் என்பதே நமது குறை. இந்த ஒன்றைச் சொல்லவே இன்று எழுந்து நிற்கின்றோம்.

கட்டிடம் இடிவதனால் ஊறுபடுவோர் மூவகையினர்: அங்கே வேலை செய்பவர், அக்கட்டிடத்தை விலைக்கு வாங்கியவர், இரண்டுமில்லாமல் அதனருகே நடந்தவரும் குடியிருந்தவரும். மூவர்க்கும் வழி வேறு வேறு.

முதலாவது, தொழிலாளி. 1923-ஆம் ஆண்டிலேயே இதற்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 2025 நவம்பர் 21 முதல் அது 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பினுள் அடங்கிவிட்டது. எனினும் அடிப்படை நெறி மாறவில்லை. அந்நெறியாவது: முதலாளி பிழை செய்தான் என்று தொழிலாளி நிரூபிக்க வேண்டுவதில்லை, வேலையின்போது வேலையின் காரணமாக விபத்து நேர்ந்தது என்று காட்டினாலே போதும். கட்டுமானத்தையே தொழிலாகக் கொண்டவர் வேலையை மேஸ்திரிக்குக் குத்தகை விட்டிருப்பினும், மேஸ்திரியைக் கைகாட்டித் தப்ப முடியாது. அவரிடமே நஷ்டஈடு கேட்கலாம். இ.எஸ்.ஐ. காப்பீட்டில் உள்ளவர் மட்டும் அக்காப்பீட்டின் வழியே பயன் பெறுதல் வேண்டும். அன்றியும், கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்துகொண்டோர்க்கு அவ்வாரியத்தின் உதவியும் உண்டு. அட்டை பெறாதவர் நம்முள் இருப்பின், அது சோம்பலன்றி வேறன்று.

நஷ்டஈட்டின் அளவு எவ்வளவு என்பீர்களேல், அதற்கும் கணக்கு உண்டு. பழைய சட்டத்தில், உயிர் போயின் மாதக் கூலியிற் பாதியை எடுத்து, வயதிற்குரிய எண்ணாற் பெருக்க வேண்டும். முற்றிலும் வேலை செய்ய இயலாமற் போயின் கூலியில் நூற்றுக்கு 60-ஐ எடுத்துப் பெருக்க வேண்டும். 2020 ஜனவரி முதல் அக்கணக்கிற்குக் கொண்ட கூலியின் உச்சவரம்பு 15,000 ரூபாய். முப்பது வயதுக்குரிய எண் 207.98. ஆகவே மாதம் 15,000 ரூபாயோ அதற்கு மேலோ சம்பாதித்த முப்பது வயதினன் ஒருவன் மாண்டால், அவன் குடும்பத்திற்கு உரிய தொகை 15,59,850 ரூபாய். உரிய காலத்திற் கொடாவிடின் நூற்றுக்கு 12 வட்டியும், தக்க காரணமின்றித் தாமதித்தால் தொகையிற் பாதிவரை அபராதமும் உண்டு.

நிற்க. இவ்விடத்தில் நாம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். அதனை மறைத்துக்கொண்டு தங்களுக்குப் புத்தி சொல்லுதல் தகாது.

2021-ஆம் ஆண்டில், நம் சங்கத்தைச் சேர்ந்த நாற்பது வயதுத் தொழிலாளி ஒருவர், இப்பக்கத்து அடுக்குமாடிக் கட்டிடம் ஒன்றில் மூன்றாம் மாடித் தளத்திற்குக் கான்கிரீட் போடும்பொழுது, சென்டரிங் சரிந்து கீழே விழுந்தார். கம்பி குத்தி ஒரு கண் போயிற்று. அவர் மனைவி கைக்குழந்தையோடு நம்மிடம் வந்து, “அண்ணா, நீங்கள் பார்த்து ஒரு வழி செய்யுங்கள்” என்றாள். நாம் நால்வர் சென்றோம். ஒப்பந்தக்காரரும் நயமாகவே பேசினார். வைத்தியச் செலவு போக 60,000 ரூபாய் தருவதாகவும், அதன்பின் பாத்தியதை எதுவும் இல்லையென்றும் முத்திரைத்தாளில் எழுதி, காயம்பட்டவரின் கைநாட்டும் வாங்கப்பட்டது. சாட்சிக் கையெழுத்து நாமே போட்டோம். கோர்ட்டு வாசலை மிதியாமற் காரியம் முடித்தோம் என்று பெருமையும் பட்டோம்.

அச்சட்டத்தின் அட்டவணையில் ஒரு கண் இழப்பிற்கு நூற்றுக்கு 40 என்று குறித்திருந்தது. நாற்பது வயதிற்குரிய எண் 184.17. அவருடைய நாட்கூலியை மாதத்திற்குக் கணக்கிட்டால் 15,000-க்கு மேலேயே வரும். ஆகவே அவருக்கு உரியதாக இருந்த தொகை 6,63,012 ரூபாய். நாம் வாங்கித் தந்ததோ அதில் பத்தில் ஒரு பங்குகூட அன்று. பகைவர் செய்த தீங்கன்று இது. உறவினராகிய நாமே அறியாமையாற் செய்தது. அவர் இன்றும் எதிர்ப்படுகையில் கும்பிடுகின்றார். அந்தக் கும்பிடு நம்மைச் சுடுகின்றது.

பின்னர்ச் சட்டம் கற்ற அன்பர் ஒருவர் நமக்கு உணர்த்தியது இது. தொழிலாளி தன் உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தரும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. சமரசம் செய்வதாயின் அதற்குரிய அதிகாரியிடம் பதிவு செய்தல் வேண்டும். பதியாவிடின் முதலாளி முழுத்தொகைக்கும் கடமைப்பட்டவரே. முன்னர்த் தந்ததிற் பாதிக்குமேல், அதிகாரி அநுமதித்தாலன்றிக் கழித்துக்கொள்ளவும் முடியாது. மரணமாயின், நஷ்டஈட்டை அதிகாரியிடமே கட்டுதல் வேண்டும்; குடும்பத்தார் கையில் நேரே கொடுத்தது கொடுத்ததாகாது. ஆதலின் அம்முத்திரைத்தாள் ஒரு வெறுந்தாளே. ஆனால் மனுச் செய்யும் காலம் இரண்டு ஆண்டு, அது கடந்துவிட்டது. தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்க அதிகாரிக்கு அதிகாரம் உண்டு என்பதொன்றே இப்பொழுது மிஞ்சிய நம்பிக்கை.

இரண்டாவது, வீடு வாங்கியவர். வீடு கட்டித் தருவதும் ஒரு சேவையே. அதிற் குறை நேர்ந்தால் நுகர்வோர் மன்றம் விசாரிக்கலாம் என்று லக்னோ வளர்ச்சிக் கழகத்து வழக்கில் 1993-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. கொடுத்த விலை 50 லட்ச ரூபாய்க்கு மேற்படாவிடின், நம் பகுதியார் செங்கற்பட்டு மாவட்ட மன்றத்திலேயே பிராது கொடுக்கலாம். வக்கீல் இன்றித் தாமே வாதாடலாம். இதற்கும் கெடு இரண்டு ஆண்டு. இன்னும், 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டிற்குள் கட்டமைப்பிற் குறை தோன்றினால், தெரிவித்த 30 நாட்களுக்குள் கட்டியவர் செலவின்றிச் சரிசெய்ய வேண்டும், தவறினால் நஷ்டஈடு. தூணில் வெடிப்புக் கண்டவர் சுண்ணாம்பு பூசி மறைத்துவிடாது, படம் எடுத்துப் பதிவுத்தபாலில் எழுதுவாராக. இன்றைய வெடிப்பே நாளைய இடிபாடு.

மூன்றாவது, வழிப்போக்கரும் அண்டை வீட்டாரும். டில்லி சாந்தினி சௌக்கில் நகரசபைக்குச் சொந்தமான மணிக்கூண்டு ஒன்று 1951-இல் இடிந்து விழுந்து, வீதியிற் சென்றோர் மாண்டனர். அக்கூண்டிற்கு வயது ஏறக்குறைய எண்பது. அதன் சாந்திற்கோ ஆயுள் நாற்பது, நாற்பத்தைந்து ஆண்டே. 1966-இல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது யாது? வீதியோரத்துக் கட்டிடம் தானே விழுந்ததென்றால் அவ்வீழ்ச்சியே கவனக்குறைவிற்குச் சாட்சி. கண்ணுக்குத் தெரியாத குறைக்கும் உடைமையாளரே பொறுப்பு. இந்நெறி வீட்டுக்காரர்க்கும் பொருந்தும், நகரசபைக்கும் பொருந்தும். இவர்கள் சிவில் கோர்ட்டில் வழக்கிடலாம். மரணத்திற்கான வழக்கிற்கு இரண்டு ஆண்டே காலம். அரசின் கவனக்குறைவு வெளிப்படையாயின் ஐகோர்ட்டில் ரிட் மனுவும் செய்யலாம். 2019 டிசம்பர் 2-ஆம் நாள் மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில் மதிற்சுவர் ஒன்று வீடுகளின்மேற் சரிந்து, உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் உயிரைக் கொண்டது. சுவர் சிறிதென்று எண்ணற்க. சாய்ந்த சுவரைக் கண்டால் மாநகராட்சிக்கு எழுத்திலே தெரிவித்து ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்க. அது உயிரையும் காக்கும்; காவாதபோது, முன்னரே அறிவித்தோம் என்பதற்குச் சாட்சியாகவும் நிற்கும்.

இவற்றோடு கிரிமினல் வழக்கும் உண்டு. கவனக்குறைவால் மரணம் விளைத்தவர்க்கு, 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய குற்றவியற் சட்டத்தின் 106-ஆம் பிரிவு ஐந்து ஆண்டுவரை சிறை விதிக்கின்றது. கட்டுவதிலும் இடிப்பதிலும் காட்டும் அஜாக்கிரதைக்கு 290-ஆம் பிரிவும் உண்டு. ஆயினும் குற்றவாளி சிறைக்குப் போவதனால் மட்டும் நம் வீட்டு உலை கொதித்துவிடாது. ஆகவே போலீஸ் வழக்கு நடக்கின்றதே என்று நஷ்டஈட்டு மனுவைத் தள்ளிவைத்தல் கூடாது. இன்னுமொன்று: தொழிலாளர் அதிகாரியிடம் மனு, சிவில் கோர்ட்டில் வழக்கு ஆகிய இரண்டையும் ஒரே காயத்திற்கு நடத்த இயலாது. எது நலமென்று முதலிலேயே கற்றவரைக் கேட்டுத் தெளிக.

“வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் ஏது?” என்பீர்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப்படி பெண்களும் குழந்தைகளும், ஆலைத் தொழிலாளர் போன்றோரும், பெருவிபத்திற் சிக்கியோரும் இலவசச் சட்ட உதவி பெற உரியவர். செங்கற்பட்டில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கின்றது. 15100 என்னும் தொலைபேசி எண்ணிலும் கேட்கலாம்.

இறுதியாக, விபத்து நேர்ந்த அன்றே செய்யத்தக்கவை: காயம்பட்டவரை மருத்துவமனையிற் சேர்க்கும்போது, எந்தக் கட்டிடத்தில் எவ்வேலையின்போது அடிபட்டார் என்பதைப் பதிவேட்டில் எழுதச் சொல்லுக, ‘வீட்டிலே வழுக்கி விழுந்தார்’ என்று எழுதிவிட்டால் வழக்கு அங்கேயே முடிந்தது. போலீஸில் எழுதிக் கொடுத்து, முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகவே பெற்றுக்கொள்க. இடிபாட்டை அப்புறப்படுத்துமுன் படம் எடுக்க. உடன் வேலை செய்தோர் பெயரையும் ஊரையும் குறித்துக்கொள்க. வெளியூரார் மறுநாளே ரயிலேறிவிடுவர். கூலிச் சீட்டையும் மருந்துச் சீட்டையும் காக்க. எந்தத் தாளிலும் கையெழுத்தும் கைநாட்டும் வையாதிருக்க.

சகோதரர்காள்! ஒற்றுமைக்காகவே சங்கம் கண்டோம். ஆனால் எளியவனை ‘விட்டுக்கொடு’ என்று சொல்லும் ஒற்றுமை ஒற்றுமையன்று. இனி இச்சங்கத்தின் மூத்தோர் எவரும் விபத்து நஷ்டஈட்டிற் பஞ்சாயத்துப் பேசலாகாது; உரிய அதிகாரியிடம் அழைத்துச் செல்வதே நம் கடமையெனக் கொள்வோம். கண்ணிழந்த அந்தச் சகோதரரோடு, தாமதத்தை மன்னிக்க வேண்டும் மனுவை எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் நாம் செல்கின்றோம். தாமதத்திற்குக் காரணம் யாதென அதிகாரி வினவுவார். நாமே காரணம் என்று சாட்சி சொல்வோம். அன்று முத்திரைத்தாளிற் போட்ட கையெழுத்திற்கு அதுவே நாம் செய்யத்தக்க பரிகாரம்.